நெளிக்கோடு போட்ட ஃபைல்கள்

அது வைரஸ் இல்லைங்க. பயப்படாதீங்க. பக்கத்து சீட்ல உக்காந்து உங்க லேப்டாப்பை எட்டிப் பாக்கறது மரியாதை இல்ல, எனக்கே தெரியும். ஆனா ரொம்ப நேரமா அந்த ஒரு ஃபைலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அழிக்கலாமா வேண்டாமான்னு கை போகுது, வருது. அதான் வாய் விட்டுட்டேன்.

பேருக்குப் பின்னால நெளிஞ்ச மாதிரி ஒரு சின்னக் கோடு இருக்கு பாருங்க, அதான் அடையாளம். நீங்க ஒண்ணை எழுதி சேவ் பண்ணும்போது, அந்த எழுதற புரோகிராம் முதல்ல பழசை ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். நடுவுல கரண்ட் போச்சுன்னா பழசாவது மிஞ்சணும்ல. புதுசு ஒழுங்கா எழுதி முடிச்சதும் அந்த நகலை அதுவே அழிச்சிடும். அழிக்க முடியலைன்னா அப்படியே கிடக்கும். அவ்வளவுதான். யாரும் பண்ற தப்பு இல்ல அது.

யாரும் பண்ற தப்பு இல்லைன்னு எவ்வளவு சுலபமா சொல்லிட்டேன் பாத்தீங்களா.

நீங்க எங்க போறீங்க, காரைக்குடியா? நானும் அங்கதான். வாத்தியார்னு டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர்கிட்ட சொன்னீங்க, காதுல விழுந்துச்சு. நான் திருச்சி உறையூர்ல ஒரு பதிப்பகத்துல இருக்கேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வினா விடைப் புத்தகம் போடறவங்க. அவங்க பேரு வேண்டாம். பேரு குமரகுரு, என் பேரைச் சொல்றேன். அங்க யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. சிஸ்டம் சார். கம்ப்யூட்டர் ஓடலையா, பிரிண்டர் இழுக்கலையா, சிஸ்டம் சாரைக் கூப்பிடு. பதினாலு வருஷம்.

மாடியில ஒரு ஹால். பதினோரு கம்ப்யூட்டர், பதினோரு பேர். கேள்வி பதில் டைப் அடிக்கிறவங்க, திருத்தறவங்க, பக்கம் கட்டறவங்க. மாடிப்படிக்கு அடியில ஒரு சர்வர். அவங்க எழுதற எல்லாம் அதுலதான் போய் உக்காரும். இசட் டிரைவுன்னு சொல்லுவோம். யாரு எந்த சீட்ல உக்காந்தாலும் அதே இசட் தெரியும். பாடத்துக்கு ஒரு ஃபோல்டர். பாடம் முடிஞ்சதும் தனபால்னு ஒருத்தர், பக்கம் கட்டறவர், அந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லா ஃபைலையும் ஒரே இழுப்பா இழுத்துப் புத்தகமா ஆக்குவார். எல்லா ஃபைலையும். அதை ஞாபகம் வச்சுக்குங்க.

போன வருஷம் ஜூன் மாசம் அந்தத் தனபாலே கை தவறி ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் ஃபோல்டரை முழுசா அழிச்சிட்டார். என்கிட்ட முந்தின நாள் நகல் இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். முதலாளி கூப்பிட்டு, "குரு, இனிமே இப்படி நடக்கக் கூடாது" ன்னார். நான் என்ன பண்ணினேன்னா, இசட்ல யாரும் எதையும் அழிக்க முடியாத மாதிரி பண்ணினேன். எழுதலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. நான் மட்டும் அழிக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. முதலாளி எல்லாருக்கும் எதிர்ல, "இதுக்குத்தான் குரு வேணுங்கிறது" ன்னார்.

ஒரு வாரத்துல அந்த நெளிக்கோடு போட்ட ஃபைல் எல்லாம் வர ஆரம்பிச்சுது. முதல்ல நாலு, அஞ்சு. அப்புறம் ஃபோல்டருக்கு ஃபோல்டர்.

ஜெசிந்தான்னு ஒரு அம்மா. ஆறு வருஷமா இருந்தாங்க. மேலப்புதூர்ல வீடு. கணக்கும் அறிவியலும் திருத்தறவங்க. எங்க ஆபீஸ்ல தப்புக் கண்டுபிடிக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பின்னம் தலைகீழா இருந்தா தூரத்துலேர்ந்தே சொல்லிடுவாங்க. அவங்கதான் முதல்ல வந்து சொன்னாங்க.

"சார், சேவ் பண்ணும்போது ஒரு செகண்ட் நின்னு போகுது. அப்புறம் இந்த மாதிரி ஒரு ஃபைல் கிடக்குது. போன வாரம் நீங்க என்னமோ மாத்தினீங்களே, அதுலேர்ந்துதான் சார்."

ஹால்ல எல்லாரும் இருந்தாங்க. தனபால் சிரிச்சார். நான் சொன்னேன், "நான் மாத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. நீங்க ஒழுங்கா மூடாம எந்திரிச்சுப் போறீங்க, அதான்." அவங்க, "அப்படியா சார்" ன்னுட்டுப் போய் உக்காந்துட்டாங்க. அதுக்காக நான் மனசுல எதையும் வச்சுக்கல. அப்படி வச்சுக்கற ஆள் இல்லைங்க நான். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்காங்க.

நான் சும்மா இருக்கல. என் மேசையில உக்காந்து நூறு தடவை சேவ் பண்ணிப் பாத்தேன். ஒரு ஃபைல் கூட மிச்சம் இல்ல. எனக்கு வரலைங்கறப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் வருது? அவங்க ஏதோ தப்பாப் பண்றாங்க. இப்படித்தான் நினைச்சேன். எனக்கு ஏன் வரலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். எனக்கு அழிக்க அனுமதி இருக்கு, அதனால வரல. அவ்வளவுதான் விஷயம். பதினாலு வருஷ அனுபவம்.

தினமும் சாயங்காலம் அதையெல்லாம் கூட்டி வேற ஒரு ஃபோல்டர்ல தள்ளற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சேன். அதோட மறந்துட்டேன்.

ஆகஸ்ட் மாசக் கடைசி. காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால வர்ற எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் கடைக்குப் போயிடுச்சு. ஒரு தலைமையாசிரியர் போன் பண்றார். நாற்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு கேள்வி, ஒளிச்சேர்க்கையில வெளியாகற வாயு எது, ஆக்சிஜன். நாற்பத்து மூணாம் பக்கத்துல அதே கேள்வி, கார்பன் டை ஆக்சைடு. அந்தப் பாடமே ரெண்டு தடவை அச்சாகியிருக்கு. ஒண்ணு திருத்தினது, ஒண்ணு திருத்தறதுக்கு முன்னால இருந்தது. தனபால் மத்தியானமே இழுத்துட்டார், என் புரோகிராம் சாயங்காலம்தான் ஓடும். நெளிக்கோடு போட்டதையும் சேத்து இழுத்துட்டார்.

அந்த கார்பன் டை ஆக்சைடைக் கண்டுபிடிச்சுத் திருத்தினதே ஜெசிந்தாதான். அது அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம்தான் எல்லாம் தெரிஞ்சுது எனக்கு.

முதலாளி சத்தம் போடற ஆள் இல்ல. மெதுவாத்தான் கேட்டார். "யாருன்னு மட்டும் சொல்லு, குரு."

இங்க ஒண்ணு சொல்லிடறேன். நான் யார் பேரையும் சொல்லல. சர்வர்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் இது யார் உருவாக்கினதுன்னு ஒரு பேர் பதிஞ்சிருக்கும். அந்த நெளிக்கோடு ஃபைலுக்கெல்லாம் பேரும் தேதியும் எடுத்து ஒரு பட்டியலாப் போட்டேன். இருநூத்திப் பன்னிரண்டு ஃபைல். இருநூத்திப் பன்னிரண்டுலயும் ஜெசிந்தா. அதை அச்செடுத்து முதலாளி மேசையில வச்சேன். பட்டியல்தான் வச்சேன், பேர் சொல்லல. ரொம்ப நாள் இதையே எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

முதலாளி மாடிக்கு வந்தார். எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொன்னார். என்னைப் படிக்கச் சொன்னார். நான் படிச்சேன். பன்னிரண்டாம் தேதி ஜெசிந்தா, பதிமூணாம் தேதி ஜெசிந்தா, பதினாலாம் தேதி ஜெசிந்தா. அவங்க எந்திரிச்சு நின்னாங்க. யாரும் நிக்கச் சொல்லல. பேர் படிக்கும்போது நிக்கணும்னு பள்ளிக்கூடப் பழக்கம் போலிருக்கு.

"பதினெட்டாம் தேதி நான் வரலையே சார். என் மகளுக்கு மாதா கோயில்ல உறுதிபூசுதல். லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனேன்."

அந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. லீவுல இருந்த ஒருத்தர் பேர்ல பத்தொன்பது ஃபைல். வந்துச்சு. வராம இல்ல. ஆனா முதலாளி என்னைப் பாக்கறார். பத்துப் பேர் என்னைப் பாக்கறாங்க. கையில தாளை வச்சுக்கிட்டு நிக்கறேன். எனக்குத் தெரியலைன்னு சொல்ல வாய் வரல.

"அப்ப உங்க பாஸ்வேர்டை யார்கிட்டயோ குடுத்திருக்கீங்க" ன்னேன்.

அவங்க முகம் எப்படி ஆச்சுன்னு சொல்லத் தெரியலைங்க. ஃபைலை மூடாம எந்திரிச்சுப் போறது ஒரு கவனக்குறைவு. பாஸ்வேர்டைக் குடுக்கறது அப்படி இல்ல. எங்க தொழில்ல புத்தகம் அச்சாகறதுக்கு முன்னால வெளிய போச்சுன்னா வேற கம்பெனிக்காரன் போட்டுடுவான். அந்த ஒரு பேச்சுல அவங்களைக் கவனமில்லாதவங்கங்கற இடத்துலேர்ந்து எடுத்து வேற இடத்துல வச்சுட்டேன்.

"நான் யாருக்கும் குடுக்கல சார்" ன்னாங்க. ஒரே தடவைதான் சொன்னாங்க.

முதலாளி, "ரெண்டு நாள் வீட்ல இருந்து யோசிச்சுட்டு, நடந்ததை எழுதி எடுத்துட்டு வாம்மா" ன்னார். அவங்க மேசை மேல இருந்த எவர்சில்வர் டம்ளர், நாற்காலியில போட்டிருந்த திண்டு, ரெண்டு சிவப்புப் பேனா, எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டாங்க. போறப்ப என் பக்கத்துல வந்து, "ஏழாம் வகுப்புக் கணக்கு பாதியில இருக்கு சார். மூணாம் பாடம் வரைக்கும் பாத்துட்டேன். நாலாவது பாடத்துல விடைப் பட்டியல் சரியில்ல, யாரையாவது பாக்கச் சொல்லுங்க" ன்னாங்க. நான் தலையாட்டினேன்.

ரெண்டு நாள் ஆச்சு, மூணு நாள் ஆச்சு, வரல. எழுதவும் இல்ல. செய்யாததை என்னன்னு எழுதுவாங்க? ஒரு வாரம் பாத்துட்டு முதலாளி கணக்கை முடிக்கச் சொல்லிட்டார்.

ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவங்க லாகினை நிறுத்தணும். அது என் வேலை. திங்கட்கிழமை காலையில பத்தே முக்காலுக்கு ஜெசிந்தா பேரை நிறுத்தினேன். அஞ்சு நிமிஷம் ஆகல, மாடியிலேர்ந்து சபியான்னு ஒருத்தங்க கூப்பிடறாங்க. "சார், இசட் வரல." தனபால் கூப்பிடறார். "சிஸ்டம் சார், எனக்கும் வரல." அடுத்தவர், அதுக்கு அடுத்தவர். பத்துப் பேருக்கும் இசட் போயிடுச்சு.

மாடிப்படிக்கு அடியில குனிஞ்சு நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் புரிஞ்சுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால புதுக் கம்ப்யூட்டர் வந்தப்ப, முதல்ல ஜெசிந்தாவோடதைத்தான் தயார் பண்ணினேன். அவங்க பேரைப் போட்டு, பாஸ்வேர்டு போட்டு, இசட்டை இணைச்சு, எல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு, அதை அப்படியே மத்த பத்துக்கும் நகல் எடுத்துப் போட்டேன். ஒவ்வொண்ணா உக்காந்து பண்ணினா மூணு நாள். நகல் எடுத்தா ஒரு நாள். மேல அவங்கவங்க பேர் வர்ற மாதிரி மாத்தினேன். உள்ள இசட்டுக்குப் போற வழியில இருந்த பேரை மாத்தல. மறந்துட்டேன். பதினோரு பேரும் வாசல் ரெஜிஸ்டர்ல ஜெசிந்தான்னே கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வந்த மாதிரி. சர்வருக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் ஜெசிந்தாதான். நல்லது எழுதினாலும் ஜெசிந்தா, குப்பை போட்டாலும் ஜெசிந்தா. பாஸ்வேர்டை ஊருக்கே குடுத்தவன் நான்.

மேல போய், "சர்வர்ல ஒரு சின்ன பராமரிப்பு வேலை, அரை நாள் ஆகும்" னு சொன்னேன். டீ குடிச்சுட்டு வரச் சொன்னேன். பத்துப் பேருக்கும் அவங்கவங்க பேர்ல பாதை போட்டுக் குடுத்தேன். மறுநாள் பாத்தா, நெளிக்கோடு போட்ட ஃபைல் இருக்கு. சபியா பேர்ல ஆறு, தனபால் பேர்ல ஒன்பது, எல்லார் பேர்லயும். தனபால் சீட்ல நான் உக்காந்து, அவர் பேர்ல ஒரு தடவை சேவ் பண்ணினேன். ஒரு செகண்ட் நின்னுச்சு. ஃபைல் மிஞ்சிச்சு. அவங்க சொன்ன அதே ஒரு செகண்ட்.

ஜூன் மாசம் நான் எடுத்த அனுமதியைத் திருப்பிக் குடுத்தேன். தனபால் கை தவறாம இருக்க வேற வழி பண்ணினேன். அன்னையிலேர்ந்து ஒரு நெளிக்கோடு ஃபைல் கூட இல்ல.

இதுல என்ன கொடுமைன்னா, நான் சரி பண்ணினதே அவங்களுக்கு எதிரான சாட்சி ஆயிடுச்சு. பத்து நாள் கழிச்சு முதலாளி கேட்டார், "இப்ப வருதா குரு?" "இல்லைங்கய்யா." "பாத்தியா. அவ போனா, நின்னுச்சு." நான் வாயைத் திறக்கல. ஆயுத பூஜைக்கு சர்வர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, எல்லாருக்கும் எதிர்ல எனக்கு ஒரு வேட்டியும் துண்டும் குடுத்தார். வாங்கிக்கிட்டேன். வாங்கும்போது குனிஞ்சு வாங்கினேன். பணிவுன்னு நினைச்சிருப்பாங்க.

சொல்லியிருக்கலாம். எனக்கும் தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும், ஏன் நேத்தே சொல்லலைன்னு கேட்டா என்ன சொல்றதுங்கறதும் சேந்துக்குது. அப்படியே மலையா ஆயிடுச்சு.

ஜனவரியில, பொங்கல் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் இருக்கும், போன் வந்துச்சு. ஜெசிந்தா.

"சார், வேலையா இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஃபைல் இப்பவும் வருதா சார்?"

"இல்லம்மா."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

பின்னாடி ஏதோ ஆட்டோ ஓடற சத்தம். அப்புறம் சொன்னாங்க, "அப்ப நான்தான் போலிருக்கு சார். எனக்கே தெரியாம என்னமோ பண்ணியிருக்கேன். இவ்வளவு நாளா உங்க மேலதான் கோவமா இருந்தேன். மன்னிச்சுக்குங்க சார்."

என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. நான் "பரவாயில்லம்மா" ன்னேன். ஆமாங்க. பரவாயில்லன்னு சொன்னேன்.

ஏப்ரல்ல எங்க நிலத்துப் பட்டாவுல ஒரு பேர்ப் பிழை. மனு குடுக்கணும்னு நானும் என் வீட்டுக்காரியும் கலெக்டர் ஆபீஸ் போனோம். வெளிய வரிசையா மனு டைப் அடிக்கிற கடைங்க. வெயிலுக்கு எந்தக் கடையில நிழல் இருக்கோ அதுல என் வீட்டுக்காரி போய் ஸ்டூல்ல உக்காந்துட்டா. பின்னால போறேன், கம்ப்யூட்டருக்கு முன்னால ஜெசிந்தா. என்னைப் பாத்தாங்க. "வாங்க சார்" ன்னாங்க.

மனுவை அடிச்சாங்க. ஒரு எழுத்துப் பிழை இல்ல. சேவ் பண்ணினாங்க. உடனே ஃபோல்டரைத் திறந்து, திரையை என் வீட்டுக்காரி பக்கம் திருப்பி, "பாத்துக்குங்க, ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கு" ன்னாங்க. அவளுக்கு ஒண்ணும் புரியல. "எதுக்குங்க இது?" ன்னு கேட்டா. பின்னால நின்ன ஆள், "எல்லாருக்கும் இதைக் காட்டுவாங்கம்மா, அதான் லேட்டாகுது" ன்னு சலிச்சுக்கிட்டார்.

"பழக்கம்ங்க. முன்ன வேலை பாத்த இடத்துல என்னால ஒரு தப்பு நடந்து போச்சு. அதுலேர்ந்து காட்டிடறது" ன்னாங்க ஜெசிந்தா. என்னைப் பாக்காம சொன்னாங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன். இவர்தான் அந்த இடத்து ஆள்னு அவங்க சொல்லல. என் வீட்டுக்காரிக்கு எதிர்ல என்னைக் காப்பாத்தினாங்க.

வர்ற வழியில அவ கேட்டா, யாரு அதுன்னு. பழைய ஸ்டாஃப்னு சொன்னேன். "அந்தம்மாவால என்ன தப்பு?" ன்னா. பஸ்ல வச்சே எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப உங்ககிட்ட சொல்ற மாதிரிதான். அவ கேட்டுட்டு, "இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க" ன்னா.

மறுநாள் போனேன். ஒரு மனு பாதியில இருந்துச்சு. முடிச்சுட்டுத்தான் திரும்பினாங்க. எல்லாத்தையும் சொன்னேன். அனுமதி எடுத்தது, நகல் போட்டது, தெரிஞ்சும் சொல்லாதது, வேட்டி வாங்கினது. அழுவாங்க, திட்டுவாங்கன்னு தயாராப் போயிருந்தேன். அவங்க ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"அப்ப பதினெட்டாம் தேதி?"

"அன்னைக்கு மத்த பத்துப் பேரும் வேலை பாத்தாங்க. எல்லாம் உங்க பேர்ல விழுந்துச்சு."

"ம்" ன்னாங்க. விசைப்பலகை மேல இருந்த தூசியைக் கையால தள்ளினாங்க. "அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என் மக கேட்டா சார். அம்மா, பாஸ்வேர்டை யார்கிட்டம்மா குடுத்தேன்னு. நான் இல்லைன்னு சொன்னேன். திரும்பவும், பரவாயில்லம்மா சொல்லு, யார்கிட்டங்கறா. பெத்த மக."

முதலாளிகிட்ட சொல்றேன், வேலைக்குத் திரும்பக் கூப்பிடச் சொல்றேன்னு என்னென்னவோ சொன்னேன்.

"வேலை இருக்கு சார் எனக்கு. நீங்க ஹால்ல சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. நின்னுக்கிட்டு சொல்லுங்க. நான் நின்னுக்கிட்டுத்தான் கேட்டேன்."

முதலாளிகிட்ட முதல்ல போனேன். கேட்டுட்டுச் சொன்னார். "எனக்குச் சொல்லிட்டேல்ல. அதோட விடு. நீ மேல போய்ச் சொன்னா நானும் சேந்துதான் தலை குனியணும்." சரிங்கய்யான்னு வெளிய வந்துட்டேன். மூணு நாள் ஆச்சு மாடி ஏற. நாலாம் நாள் மத்தியானம் டீ வந்த நேரத்துல ஏறினேன்.

பதினோரு பேர் இருந்தாங்க. அதுல நாலு பேர் புதுசு, ஜெசிந்தான்னா யாருன்னே தெரியாது. ஹால் நடுவுல நின்னு சொன்னேன். புதுசா வந்தவங்க மரியாதையாக் கேட்டுக்கிட்டாங்க. தனபால் டீயைக் கீழ வச்சுட்டார், குடிக்கல. முடிச்சேன். அப்புறம் சபியா பேசினாங்க. ஜெசிந்தா பக்கத்து சீட்டு அவங்க.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார். பதினெட்டாம் தேதி அவ வீட்டு விசேஷத்துக்கு ஆபீஸ் முடிஞ்சு நாங்க நாலு பேர் போயிட்டு வந்தோம். அவ கையில கம்ப்யூட்டர் ஏது?"

எனக்குக் கோவம் வந்துச்சு. மறைக்காமச் சொல்றேன். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்குமா?" ன்னு கேட்டேன்.

"சொல்லல சார், தப்புதான். வேலை போயிடும்னு பயம். ராத்திரியெல்லாம் தூங்கல" ன்னாங்க. கொஞ்சம் நிறுத்தி, "எங்களுக்குச் சந்தேகம்தான். உங்களுக்குத் தெரிஞ்சே ஏழு மாசம் ஆச்சே சார்" ன்னாங்க. சத்தமாக் கூடச் சொல்லல.

புதுசா வந்தவங்கள்ல ஒரு பொண்ணு, பாவம், பேச்சை மாத்தறதுக்காக, "சார், என் சிஸ்டத்துல பிரிண்டர் காட்டல, அப்புறம் பாக்கறீங்களா?" ன்னு கேட்டுச்சு. பாக்கறேன்மான்னேன்.

முதலாளி மறுநாள் என்னைக் கூப்பிடல, அதுக்கு அடுத்த நாளும் கூப்பிடல. நானே ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டேன், மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு. வேண்டாம்னு அவர் சொல்லல. காரைக்குடியில ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாத்துக்க ஆள் கேக்கறாங்க, அதுக்குத்தான் இப்ப போறேன். எதுக்குப் பழைய இடத்தை விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல.

போன சனிக்கிழமை மனுக் கடைக்குப் போயிட்டு வந்தேன். சொல்லிட்டேன்னு சொல்றதுக்கு. மகளும் இருந்துச்சு, பள்ளிக்கூடம் லீவு போலிருக்கு, மூலையில உக்காந்து ஜெராக்ஸ் தாளை அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. ஜெசிந்தா அதைக் கூப்பிட்டு, "இங்க வா, சார் ஒண்ணு சொல்லுவார், கேளு" ன்னாங்க. அந்தப் பிள்ளைகிட்டயும் சொன்னேன். உங்கம்மா யார்கிட்டயும் குடுக்கல, நான்தான் குடுத்தேன்னு. அது என்னைப் பாக்கல. அம்மாவைப் பாத்துச்சு. அப்புறம் தாளை விட்டுட்டுப் போய் அம்மா நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிச்சு.

"ஹால்ல எல்லாரும் இருந்தாங்களா சார்?" ன்னு கேட்டாங்க ஜெசிந்தா.

"பதினோரு பேரும் இருந்தாங்க. நாலு பேர் புதுசு."

"நின்னுக்கிட்டுத்தானே சொன்னீங்க?"

"ஆமாம்மா, நின்னுக்கிட்டுத்தான்" ன்னேன்.

அன்னைக்கு ஹால்ல, சபியா அந்த ஏழு மாசத்தைச் சொன்னப்பவே, அங்க காலியா இருந்த ஒரு நாற்காலியில உக்காந்துட்டேன். சொன்னது நின்னுக்கிட்டுத்தான், கேட்டது உக்காந்துக்கிட்டு. அதை மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லலைங்க.